எரிவாயு மின்நிலையம் வருகிறது: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது?

கேள்வி: பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே உள்ள மீனவ கிராமம் எங்களுடையது. ஊருக்கு மேற்கே ஒரு தனியார் நிறுவனம் நிலம் வாங்கி, 480 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டப்போகிறது. அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. "நிலக்கரி இல்லை, சாம்பல் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். "அனுமதியெல்லாம் ஏற்கெனவே வாங்கியாச்சு, கூட்டம் வெறும் கண்துடைப்பு, புறக்கணிப்போம்" என்கிறார்கள் எங்கள் ஊர் இளைஞர்கள். இதற்கிடையில் பொக்லைன் வைத்து மண் கொட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் மகளிர் குழுத் தலைவி, பத்தாவது வரை படித்தவள். கூட்டத்தில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்தைப் புறக்கணிக்காதீர்கள். உங்கள் ஊர் இளைஞர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். "பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை வரவில்லை" என்ற ஒரு வரி கோப்பில் ஏறிவிடும். அப்புறம் அந்த வரியை அழிக்க நீங்கள் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் வரை நடக்க வேண்டியிருக்கும்.

"எல்லா அனுமதியும் வாங்கியாச்சு" என்பதும் சரியில்லை. கருத்துக் கேட்பு இன்னும் நடக்கவில்லை என்றால் சுற்றுச்சூழல் அனுமதி இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். 2006 செப்டம்பர் 14ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கெல்லாம் அடிப்படை. அதன்படி முதலில் ஆய்வு வரம்புகளை நிர்ணயிப்பார்கள். பிறகு நிறுவனம் வரைவு அறிக்கை தயாரிக்கும். அதன்மேல் மக்கள் கருத்து கேட்கப்படும். அந்தக் கருத்துகளுக்குப் பதில் சேர்த்து இறுதி அறிக்கை போடப்படும். அதை நிபுணர் குழு பரிசீலித்த பிறகுதான் அனுமதி. நீங்கள் இப்போது நிற்கும் இடம் இந்த வரிசையின் நடுப்பகுதி.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மின்சாரச் சட்டம் 2003 வந்த பிறகு, எரிவாயு நிலையம் உட்பட எந்த அனல் மின்நிலையமும் கட்டுவதற்கு மின்துறையிடம் உரிமம் வாங்க வேண்டியதில்லை. மின்கட்டமைப்போடு இணைவதற்கான தொழில்நுட்பத் தரங்களுக்கு உட்பட்டால் போதும், யார் வேண்டுமானாலும் கட்டலாம். விமான நிலைய ஆணையம் புகைபோக்கியின் உயரத்தைப் பார்க்கும். வெடிபொருள் பாதுகாப்புத் துறை எரிவாயுக் கருவிகளைப் பார்க்கும். நகர் ஊரமைப்புத் துறை கட்டட வரைபடத்தைப் பார்க்கும். ஆனால் "இந்த இடத்தில், இந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, இந்த மக்களுக்குப் பக்கத்தில் இது வரலாமா?" என்ற கேள்வியை முழுதாகக் கேட்கிற இடம் சுற்றுச்சூழல் அனுமதி ஒன்றுதான். அந்த நடைமுறையில் ஊர்க்காரர் வாய் திறந்து பேச வைத்திருக்கும் ஒரே நாள் இந்தக் கூட்டம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி அந்த மண் கொட்டும் விவகாரம். கூட்டம் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி கைக்கு வருவதற்கு முன் கட்டுமானம் மட்டுமல்ல, நிலத்தைச் சமப்படுத்தித் தயார் செய்வதும் கூடாது. நிலத்தைப் பாதுகாக்க வேலி போடலாம், அவ்வளவுதான். பொக்லைன் வேலை செய்வதைத் தேதி, நேரம், இடம் பதிவாகும்படி போனில் படம் எடுங்கள். மண் விழுவது வரத்துக் கால்வாயிலோ கழிமுகத்து ஓடையிலோ என்றால் அதைத் தனியாக எடுங்கள். எந்த சர்வே எண், எந்த ஓடை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். அந்த ஒப்புகைச் சீட்டின் நகலைக் கூட்டத்திலும் கொடுங்கள். நிபுணர் குழு விண்ணப்பத்தை எடுக்கும்போது, விதிமீறல் புகார் ஏற்கெனவே கோப்பில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்து அந்த 480 என்ற எண். எரிவாயு மின்நிலையம் 500 மெகாவாட்டோ அதற்கு மேலோ இருந்தால் அது 'ஏ' பிரிவு. டெல்லியில் மத்திய அமைச்சகத்தின் நிபுணர் குழு பரிசீலிக்கும். 500க்குக் கீழே என்றால் 'பி' பிரிவு, சென்னையில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கும். எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே ஓர் எண் வந்தால் நான் எப்போதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். இரண்டாம் கட்டம் உண்டா? வாங்கிய நிலம் 480 மெகாவாட்டுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமா? குழாயும் மின்பாதையும் எந்த அளவுக்குத் திட்டமிடப்பட்டிருக்கின்றன? இதைக் கூட்டத்தில் நேரடியாகவே கேளுங்கள்: "இதே இடத்தில் விரிவாக்கத் திட்டம் இருக்கிறதா, இல்லையா?" இல்லை என்று அவர்கள் சொன்னால் அது பதிவாகட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் ஊருக்கு இருக்கிறது. பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்தோ மாநில எல்லையிலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள் 'பி' பிரிவுத் திட்டம் வந்தால், 'ஏ' பிரிவாகவே கருதி டெல்லிக்குப் போக வேண்டும். வன உயிரின வாரியத்தின் அனுமதி வேண்டுமா என்ற கேள்வியும் அங்கே சேர்ந்துகொள்ளும். ஆகவே தூரத்தை ஏரிக்கரையிலிருந்து அளந்தார்களா, சரணாலயத்தின் அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து அளந்தார்களா, மின்நிலைய வளாகத்தின் நடுவிலிருந்து அளந்தார்களா, சுற்றுச்சுவரிலிருந்து அளந்தார்களா என்று பாருங்கள். ஒரு கிலோமீட்டர் இப்படியும் அப்படியும் நகர்ந்தால் கோப்பு போகும் ஊரே மாறிவிடும்.

சரி, வரைவு அறிக்கை எங்கே கிடைக்கும்? மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்ட ஊராட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஆகிய இடங்களில் வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது இதைப் படித்துப் பார்க்க அவகாசம் தருவதற்காகத்தான். சுருக்க அறிக்கை தமிழிலும் இருக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் இருக்கும், மலைக்க வேண்டாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். உங்களுக்கு வேண்டியது சில பக்கங்கள்தான்: தண்ணீர்க் கணக்கு, குளிரூட்டும் முறை, எரிபொருள், மீன்வளம், வெள்ளம், ஆபத்து மதிப்பீடு.

அந்தப் பக்கங்களுக்குப் போவதற்கு முன், கம்பெனிக்காரர்கள் சொல்வதில் உண்மை எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வடசென்னை மக்களுக்கு நிலக்கரிச் சாம்பல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எரிவாயு நிலையத்தில் அந்தச் சாம்பல் கிடையாது, கந்தகப் புகை கிட்டத்தட்ட இல்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கரியமில வாயு நிலக்கரியில் வருவதில் பாதிக்கும் குறைவு. இது பெரிய நன்மை, மறுக்கக் கூடாது. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, வெயிலோடு சேர்ந்து ஓசோனாக மாறி மூச்சுக்குழாயைப் பாதிக்கும். இதற்கு விதிமுறையில் வரம்பு இருக்கிறது. எந்தத் தொழில்நுட்பத்தால் அந்த வரம்புக்குள் வைக்கப்போகிறார்கள், புகைபோக்கி அளவீடு நேரலையாக வாரியத்துக்குப் போகுமா என்று கேளுங்கள். கூடவே இன்னொன்று: எரிவாயு வராத நாளில் நாப்தாவோ (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் ஒரு திரவ எரிபொருள்) டீசலோ எரிக்கும் திட்டம் உண்டா? உண்டு என்றால் 'சுத்தமான எரிபொருள்' என்ற பேச்சே மாறிவிடும். சேமிப்புத் தொட்டிகளும் வந்துவிடும்.

இப்போது தண்ணீர். உங்கள் ஊருக்கு இதுதான் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வகை நிலையத்தில் முதலில் எரிவாயு டர்பைன் ஓடும். அதன் சூடான புகையை வைத்து நீராவி செய்து இரண்டாவது டர்பைனை ஓட்டுவார்கள். அந்த நீராவியை மறுபடி தண்ணீராக்கக் குளிர்ச்சி வேண்டும். அதற்கு மூன்று வழி. முதல் வழி, கடல் தண்ணீரை உறிஞ்சி, ஒரே தடவை ஓடவிட்டு, சூடாகவே திரும்பக் கடலில் விடுவது. 480 மெகாவாட் நிலையத்துக்கு நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில் மணிக்கு 30,000 கன மீட்டர் அளவுக்கு வருகிறது. வெளியே விடும் தண்ணீர் கடல்நீரின் இயல்பான வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. இரண்டாவது வழி, குளிரூட்டும் கோபுரம் கட்டுவது. எடுக்கும் தண்ணீர் வெகுவாகக் குறையும், ஆனால் ஆவியானது போக மிஞ்சும் தண்ணீரில் உப்பு கூடியிருக்கும். மூன்றாவது, காற்றாலேயே குளிர்விப்பது. கார் ரேடியேட்டரைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கிட்டத்தட்ட வேண்டாம், ஆனால் செலவு அதிகம், மின் உற்பத்தியும் கொஞ்சம் குறையும். கம்பெனி எந்த வழியைத் தேர்ந்தெடுத்தது, மற்ற இரண்டையும் ஏன் விட்டது என்று அறிக்கையில் காரணம் இருக்க வேண்டும். "செலவு அதிகம்" என்பது மட்டும் காரணம் என்றால், எவ்வளவு அதிகம் என்று எண்ணாகக் கேளுங்கள்.

சூட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். உறிஞ்சும் குழாயை யாரும் கவனிப்பதில்லை. மீன் முட்டை, இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு எல்லாம் நீரோட்டத்தோடு மிதப்பவை, எதிர்த்து நீந்த முடியாதவை. குழாய் வாயில் வலைத்தட்டி போட்டாலும் இவை உள்ளே போய்விடும். பழவேற்காட்டில் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போவது உங்களுக்குத் தெரியும். எந்த மாதத்தில் வருகிறது என்பதும் தெரியும். குழாய் வாய் அந்த வழியில் இருக்கிறதா? எவ்வளவு ஆழத்தில்? உறிஞ்சும் வேகம் என்ன? குஞ்சு வரும் மாதங்களில் நிறுத்துவார்களா? இந்தக் கேள்விகளை உங்களைவிடத் துல்லியமாக எந்த நிபுணரும் கேட்க முடியாது.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதியில் பாடு முறை இருக்கிறது, எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று ஊரே வகுத்து வைத்த முறை. அறிக்கைகளில் 'மீன்பிடிப் பகுதி' என்று நீல நிறத்தில் ஒரு திட்டு இருக்கும், பாடுகள் இருக்காது. பெரியவர்களை உட்கார வைத்து ஒரு வெள்ளைத்தாளில் வரையுங்கள். பாடுகள், படகு போகும் வழி, வலை காயவைக்கும் இடம், நண்டு பிடிக்கும் பெண்கள் இறங்கும் இடம், எல்லாவற்றையும் பெயரோடு குறியுங்கள். நிறுவனம் போட்ட குழாய்ப் பாதையை அதன்மேல் சிவப்பு மையில் இழுங்கள். ஊரார் கையெழுத்தோடு கூட்டத்தில் கொடுங்கள். அறிக்கையில் இல்லாத ஒரு தகவலை நீங்கள் பதிவு செய்துவிட்டால், நிறுவனம் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறும்போது கரையில் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் குழாயோ பம்ப்ஹவுஸோ வந்தால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் தேவை. 2019 ஜனவரி அறிவிக்கைதான் அதற்கு அடிப்படை. அதற்கான வரைபடம் 1:4000 அளவில், அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 40 மீட்டர் என்ற அளவில், இருக்க வேண்டும். அதில் உங்கள் ஓடைகளும் சதுப்பும் அலையாத்திச் செடிகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

வெள்ளத்தையும் விடாதீர்கள். இந்த ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் ஒரு பருவத்துத் தரவு போதும், அதுவும் மழை இல்லாத பருவம். மார்ச் முதல் மே வரை எடுத்த தரவில் உங்கள் ஊர் காய்ந்த மேடாகத்தான் தெரியும். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் ஐப்பசி, கார்த்திகையில் எப்படி வரும் என்று அதில் தெரியாது. இடத்தை இரண்டு மீட்டர் உயர்த்தினால் அங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது என்று பள்ளிக்கூடச் சுவரிலோ கோயில் தூணிலோ அடையாளம் இருந்தால் அளந்து, படம் எடுத்துக் கொடுங்கள்.

யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எரிவாயு எங்கே? 480 மெகாவாட் முழுதாக ஓட நாளொன்றுக்கு 20 லட்சம் கன மீட்டருக்கு மேல் எரிவாயு வேண்டும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் இருப்பதால், கையெட்டும் தூரத்தில் எரிவாயு இருப்பது போலத் தோன்றும். ஆனால் அது இறக்குமதி எரிவாயு, உலகச் சந்தை விலை. 2022இல் உக்ரைன் போரால் விலை எகிறியபோது இந்தியாவின் எரிவாயு நிலையங்கள் பலவும் ஓடாமல் நின்றன. அதற்கு முன்பே, ஆந்திரக் கடலோரத்தின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எரிவாயு உற்பத்தி சரிந்ததால், 14,305 மெகாவாட் எரிவாயு நிலையங்கள் முடங்கிக் கிடப்பதாக 2015இல் மத்திய அரசே கணக்கெடுத்தது. காக்கிநாடாவை ஒட்டிய சாமல்கோட்டில் 2,400 மெகாவாட் நிலையத்துக்கு இயந்திரங்கள் வந்து இறங்கின, எரிவாயு வரவில்லை. கடைசியில் அதில் ஒரு பகுதி வங்கதேசத்தின் மேக்னாகாட்டுக்குக் கப்பலேறியது.

இது முதலீட்டாளரின் கவலைதானே, நமக்கென்ன என்று தோன்றலாம். நிலம் போனது போனதுதான், ஓடை மூடியது மூடியதுதான், ஆனால் வேலை கிடையாது, மின்சாரம் கிடையாது. அந்த இழப்பு உங்களுடையது. எனவே கேளுங்கள்: எரிவாயு வழங்க எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு? மின்சாரத்தை வாங்குவது யார்? மாநில மின்வாரியம் வாங்கினால் அந்தக் கொள்முதலுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் தேவை. அங்கும் ஆட்சேபணை எழுதிப் போடலாம்.

குழாய்ப் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிவாயுக் குழாய்க்குத் தனிச் சட்டம், 1962ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தை வாங்க மாட்டார்கள், பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுப்பார்கள். நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும், பயிர், மரம் சேதத்துக்கு இழப்பீடும் தருவார்கள். அதன்மேல் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ முடியாது. அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே கசிவு ஏற்பட்டால் எத்தனை மீட்டர் வரை பாதிப்பு என்று ஆபத்து மதிப்பீட்டில் போட்டிருக்கும் வட்டத்துக்குள் எத்தனை வீடு வருகிறது, தெருவிலிருந்து வெளியேற எத்தனை பாதை என்று கேட்பது அச்சமூட்டல் ஆகாது.

கூட்டத்தன்று எப்படிப் பேசுவது? "எங்களுக்கு இந்தத் திட்டம் வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, சொல்லுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. மேடையில் இருக்கும் ஆட்சியரோ கூடுதல் ஆட்சியரோ அங்கே முடிவு செய்யப்போவதும் இல்லை. அங்கே இல்லாத நிபுணர் குழு பின்னால் பதிவைப் படித்துத்தான் முடிவெடுக்கும். "வேண்டாம்" என்று ஐந்நூறு பேர் சொன்னாலும் பதிவில் ஒரே வரியாகிவிடும். "அறிக்கையின் இன்ன பக்கத்தில் உறிஞ்சும் குழாயின் ஆழம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்குத் தனியாகப் பதில் வந்தாக வேண்டும். எனவே கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஒருவர், வெள்ளத்தை ஒருவர், எரிவாயுவை ஒருவர். ஆளுக்கு மூன்று நிமிடம் போதும். பேசுவதை எழுத்திலும் இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் முத்திரை வாங்குங்கள். நீங்கள் பத்தாவது படித்ததை நினைத்துத் தயங்க வேண்டாம். இறால் குஞ்சு எந்த மாதம் வரும் என்பதற்கு அங்கே நீங்கள்தான் நிபுணர்.

வேலைவாய்ப்பு பற்றி ஆசை வார்த்தைகள் நிறைய வரும். கட்டும்போது வேலை உண்டு, ஓடும்போது எரிவாயு நிலையத்துக்கு ஆள் குறைவாகத்தான் வேண்டும். எத்தனை நிரந்தரப் பணியிடம், அதில் உள்ளூருக்கு எத்தனை, என்ன படிப்பு வேண்டும் என்று எண்ணாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றே ஆட்சியர் தரப்பில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வாசிக்கும்போது உங்கள் கேள்விகள் இருக்கின்றனவா என்று ஒருவர் டிக் அடித்துக்கொண்டே வரட்டும். விட்டுப்போனால் அங்கேயே சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்படும். அதன் பிரதியை ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு வாங்கலாம். பிறகு நிறுவனம் தரும் இறுதி அறிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் கேள்விக்கு அதில் சொன்ன பதில் பொய்யான தரவு என்று காட்ட முடிந்தால், அனுமதியை மறுக்கவும் கொடுத்ததை ரத்து செய்யவும் அறிவிக்கையிலேயே இடமிருக்கிறது.

அனுமதி கொடுத்துவிட்டால், நிறுவனம் 7 நாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் அதை விளம்பரம் செய்ய வேண்டும். எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள் தரலாம், அதற்கு மேல் கதவு மூடிவிடும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பது உங்களுக்கு வசதி. அதற்குப் பிறகும் நீர், காற்றுச் சட்டங்களின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வாங்காமல் அவர்கள் நிலையத்தை இயக்க முடியாது. கூட்டத்தில் நீங்கள் வாங்கிய வாக்குறுதிகள் ஒவ்வொன்றும் அனுமதியின் நிபந்தனைகளில் ஏறியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரம் வரும் நாளைக் கவனிக்க, தினமும் பேப்பர் பார்க்கும் ஒருவரை இப்போதே பொறுப்பாக்கி வையுங்கள்.